பொருள்: ஏழரை ஹெச்பி

காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் பில் போடுகிறேன்.
ஏழு மணிக்கு மேல் ஜாவா,
தலைமுடியில் கொப்பரை வாசம் போகாமலே.

மூன்றாம் வாரப் பரீட்சையில் ஒரு கேள்வி:
முதல் வரியில், அ என்றொரு மோட்டார் புதிதாகப் பிறந்து ஓடுகிறது.
இரண்டாம் வரியில், ஆ என்பது அ.
மூன்றாம் வரியில் ஆ-வை நிறுத்துகிறோம்.
இப்போது அ என்ன செய்துகொண்டிருக்கிறது?

ஓடிக்கொண்டிருக்கிறது என்று எழுதினேன்.
சைபர்.

கிளாஸ் புரிந்திருந்தது.
கோயமுத்தூர்க் கம்பெனி மேசையில் விரித்த வரைபடம் அது.
பைப்பில் மாட்டி அதைப் போரில் இறக்க முடியாது.
வரைபடத்துக்குச் சூடேறாது,
காயில் கருகாது,
சித்திரையில் காற்றை உறிஞ்சிக்கொண்டு கத்தாது.
இத்தனையும் செய்துகொண்டு
ஐந்நூறு அடி இருட்டில் தொங்குகிறதே,
அதுதான் ஆப்ஜெக்ட்.
தமிழில் பொருள் என்று போட்டிருந்தார்கள்.
பொருளுக்குப் பொருள் தேடி ஒரு வாரம் போனது.

'திஸ்' வரும் இடத்தில் எல்லாம்
நோட்டில் 'என்ற' என்று குறித்துக்கொண்டேன்,
எங்கள் பக்கத்து 'என்ற':
என்ற சூடு, என்ற வேகம், என்ற தண்ணி.
மோட்டார் பேசினால் அப்படித்தானுங்களே பேசும்?

பேசவும் செய்கிறது.
போன வருஷம் சிம் போட்ட ஸ்டார்ட்டர் மாட்டினோம்.
கூப்பிட்டு ஒன்றை அழுத்தினால் ஓடும்,
இரண்டுக்கு நிற்கும்,
மூன்றுக்கு ஒரு பெண் குரல் நிலவரம் சொல்லும்.
பெட்டிக்குள் எந்த ஒயர் எங்கே போகிறதோ.
திறக்காதே, கேள் என்கிறது பாடம்.
திறந்து பார்த்த தங்கமுத்து அண்ணனுக்கு
வலது கை இரண்டு நாள் மரத்துக் கிடந்தது.

போர் கூட்டு.
அப்பா போனில் அந்த நம்பருக்குப் பேர் 'போரு'.
சித்தப்பா போனில் 'மேக்காட்டு மோட்டார்'.
மும்முனைக் கரண்டு ராத்திரி ஒன்றரைக்கு வந்த அன்று
அப்பா படுத்தபடி ஒன்றை அழுத்தினார்,
சோளத்துக்குப் பாயும் என்று திரும்பிப் படுத்தார்.
விடிந்தால் பாத்தி காய்ந்து கிடக்கிறது.

"எவன்டா நிறுத்துனது?"
"என்ற மோட்டாரை நாந்தான் நிறுத்துனேன்."
"ராத்திரி நான் போட்டது என்ற மோட்டாரை!"

பல் விளக்கிக்கொண்டு நின்றேன்.
வாய் நிறைய நுரையோடு புரிந்தது.
அ ஒரு பேர். ஆ ஒரு பேர்.
மோட்டார் பேருக்குள் இல்லை, மண்ணுக்குள் இருக்கிறது.
சிரித்திருக்கக் கூடாது.
இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

வைகாசியில் சித்தப்பா 'நியூ' போட்டார்.
திருச்செங்கோட்டு ரிக் வண்டி
ராத்திரி முழுக்கப் புழுதி கக்கி
எண்ணூற்று நாற்பதில் ஈரம் கண்டது.
அதே கம்பெனி, அதே ஏழரை,
அதே மஞ்சள் வாரண்டி அட்டை.
இரண்டும் ஒன்றா என்று
இரட்டைச் சமக்குறி போட்டுக் கேட்டால்
இல்லை என்கிறது ஜாவா.
அதன் சூடு இதற்குச் சுடாது.
சித்தப்பா இரண்டை அழுத்துகிறார்;
அ ஓடிக்கொண்டிருக்கிறது.
என் தப்பான விடை
எங்கள் காட்டில் சரியாகிவிட்டது.

பழைய நம்பரைச் சித்தப்பா அழித்துவிட்டார்.
கூப்பிட ஒரு பேரும் மிச்சமில்லாத பொருளை
ஜாவாவே வந்து அள்ளிக்கொண்டு போய்விடுமாம்,
பழைய இரும்புக்காரர் மாதிரி,
ஆனால் எடை போடாமல், காசு தராமல்.
அப்பா போன் மாட்டுத் தொட்டியில் விழுந்த அன்று
பாஸ்புக்கில் எழுதியிருந்த நம்பரைத் தேடி
என் போனில் ஏற்றினேன்.
என்ன பேர் போடுவதென்று தெரியவில்லை.
'இ' என்று போட்டேன்.

அடுத்த பாடம் வாரிசுரிமை.
அப்பா பக்கத்துக் கட்டிலில்தான் படுத்திருக்கிறார்.
வாய்விட்டுப் படிப்பதில்லை.